இன்றைக்குத் தேதியைப் போடு

எங்கள் அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் பலருக்கும் அவரை இராஜபாளையம் மில்லின் ‘கம்ப்யூட்டர் அக்கா’ என்றுதான் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில், இராணுவத்தில் பணிபுரிந்த தந்தைக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா மறைந்தபோது அக்கா கல்லூரியில் இருந்தார். அந்தத் துக்கத்தோடு படிப்பை முடித்து, எண்பதுகளின் இறுதியில் நூற்பாலையில் சேர்ந்தார். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் கணிப்பொறி அவர் பொறுப்பு. தினமும் டவுன் பஸ்ஸில் நின்றபடி போய்வந்து எங்களைக் கரையேற்றினார். தமக்கென்று ஒரு கல்யாணத்தை அவர் யோசிக்கவே இல்லை. அந்த வருத்தம் அம்மாவுக்கு இன்றும் உண்டு.

தொண்ணூறுகளில் மில் அந்த இயந்திரத்தைக் கழித்துக்கட்டியது. அடுத்து அக்காவுக்கு நோய் வந்தது. வீட்டோடு இருந்தவருக்கு, வெளிநாட்டிலிருந்த கல்லூரித் தோழி சில பிளாப்பிகள் அனுப்பினார். யூனிக்ஸின் மிகப் பழைய பதிப்பும், வீட்டுக் கம்ப்யூட்டரை அந்தக் காலத்து இயந்திரம்போல நடந்துகொள்ள வைக்கும் எமுலேட்டர் என்ற புரோகிராமும் அவற்றில் இருந்தன.

“ஏட்டி, மிஷினுக்குள்ள இன்னொரு மிஷினா? கரண்டு ரெண்டு பங்கு இழுக்குமா?” என்றார் அம்மா.

அக்கா அதற்குள் புகுந்து ஒவ்வொன்றாகப் படித்தார். சின்னச் சின்னப் புரோகிராம்கள் எழுதிப் பார்த்தார். தப்பாக அடித்தால், புரோகிராம் எழுத அதில் உள்ள எடிட்டர் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு நிற்கும். “அம்மா மாதிரி இல்லலே, ஒத்த எழுத்துல திட்டி முடிச்சிருது” என்பார் தம்பியான என்னிடம்.

அந்த யூனிக்ஸுக்குத் தேதி தானாகத் தெரியாது. கடைசியாக நிறுத்திய நேரத்திலிருந்தே மறுபடி தொடங்கும். நாம்தான் திருத்த வேண்டும். அக்காவின் விரல்கள் தளர்ந்த பிறகு, அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். ஒருநாள், அவர் மில்லுக்கு நல்லபடியாகப் போய்வந்த காலத்துத் தேதி ஒன்றைப் போடவா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏலே, பழைய மிஷினுன்னா பழைய தேதியா? நான் இன்னைக்கு இருக்கேம்லா. இன்னைக்குத் தேதியப் போடு.”

மதுரை மருத்துவமனைக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள்வரை அதில் வேலை செய்தார். பிறகு வீடு திரும்பவில்லை. அங்கே மாறி மாறித் துணையிருந்த மில் தோழிகளுக்கும், அம்மாவைப் பட்டினி கிடக்க விடாத பக்கத்து வீட்டு அத்தைக்கும், பிளாப்பி அனுப்பிய தோழிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவின் கடைசி மாதங்களை மகிழ்ச்சியாக்கியவர்கள் நீங்கள்.

இந்த ஓராண்டில் அந்த யூனிக்ஸைப் பலமுறை திறந்தேன். ஒவ்வொரு முறையும் அக்கா கடைசியாக வேலை செய்த அதே நாளில்தான் திறந்தது. அந்த நாளில் அக்கா இருக்கிறார். தேதியை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அணைத்துவிடுவேன்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் இன்று காலையும் திறந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றார். “அவ என்ன சொல்லுவான்னு ஒனக்குத் தெரியும்லா” என்றார்.

இன்றைய தேதியைப் போட்டேன். அழுகையை அடக்க முடியவில்லை. பிறகு அக்காவின் புரோகிராம்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் பெயருக்குப் பக்கத்திலும், அதை அவர் கடைசியாகத் தொட்ட தேதியே இருந்தது. அதை யாரும் மாற்ற வேண்டியதில்லை.