கறிவேப்பிலை போட்ட மீ

மகன் விரும்பிய சீனப் பெண்ணின் அம்மா, ஈப்போ நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு முதன்முறையாகச் சாப்பிட வந்தார். அவருக்காக இறால், கணவாய், முட்டைக்கோஸ் போட்டு மீ எனும் நூடுல்ஸ் பிரட்டினேன். நம் வழக்கப்படி கறிவேப்பிலையும் மசாலாவும் சேர்த்தேன். பதற்றத்தில் மீ கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டது.

"இந்தம்மா இத வாயில வைக்க மாட்டாங்க. கல்யாணமும் நடக்காது," என்று கணவரிடம் முணுமுணுத்தேன்.

"யாரு சொன்னா? மொதல்ல தீயக் கூட்டுலா!"

திரும்பினால் அந்த அம்மாவேதான் நின்றார், தமிழில் பேசியபடி! தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்த சுங்காய் தோட்டத்துக் கடைக்காரர் மகளாக வளர்ந்தவராம். என் கரண்டியை வாங்கி, தண்ணீர் தெளித்து மீயைப் பிரித்துவிட்டார். ஒரு வாய் ருசி பார்த்தார்.

"வாசமா இருக்கு. கல்யாணத்துக்கும் இதையே போடலாம், சம்பந்தி!"

வெட்கத்தில் தலைகுனிந்திருந்த நான், அந்தச் சொல்லைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஒருவர் பேசும் முன்பே அவர் மனத்தில் இருப்பதை நானே முடிவு செய்யும் பழக்கம் அன்றோடு போயிற்று.