நீலம் பூத்த தரை

நான் ஹல்துமுல்லையிலிருந்து ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ வந்தவள். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் என் கணவரின் அண்ணன் குடும்பம் அடுத்த காம்பராவில். அண்ணன் மனைவியை அக்கா என்பேன். எழுபதுகளின் நடுவில் இரண்டு வீட்டாரும் பின்புறம் சமைக்கக் குசினி இறக்கினோம். தரைக் கலவைக்குக் கல் தேவைப்பட்டது. குவாரியில் வேலை செய்த அண்ணன் உடைத்த கருங்கல்லைக் கொண்டுவந்து குவித்தார்.

"நமக்கும் அதே கல்லு வேணும்" என்றேன்.

"ரோட்டா போடப் போறோம்? குசினிதாண்டி" என்றார் என் கணவர். "மேட்டுல சொமந்து இடுப்பு ஒடையவா? கீழ இடிச்சுப் போட்ட பழைய லயம் கெடக்கு. கங்காணி அள்ளிக்கச் சொல்லிட்டாரு."

அள்ளினோம். பழைய செங்கல்லை நனைத்து நனைத்து உடைத்தேன். காய்ந்த கல் கலவையின் தண்ணீரைக் குடித்துவிடுமாம். ஒட்டியிருந்த சுண்ணாம்பையும் சுரண்டச் சொன்னார். யாருக்குப் பொறுமை? மழை பெய்தால் அக்காவின் குவியல் கழுவிய நாவற்பழமாய் மின்னும். என்னுடையது செஞ்சேறு கக்கும்.

"என்னடி, மொளகாத்தூளா இடிக்கிற?" என்று அக்கா வேறு வாசலில் நின்று சிரிப்பாள். சிரித்தபடியே நானும் வெந்தேன்.

அவள் தரையில் கொட்டிய தண்ணீர் முத்து முத்தாய் ஓடியது. என் தரை குடித்துவிட்டு இன்னும் கேட்டது. சில மாதங்களில் மேல்பூச்சுத் தேய்ந்து, உள்ளிருந்த துண்டுகள் சிவப்பும் நீலமுமாய் எட்டிப்பார்த்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெருப்பெடுக்க வந்த அக்கா அப்படியே குந்தினாள். ஒரு நீலத் துண்டைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

"இது எங்கம்மா அடிச்ச நீலம்டி. துணிக்குப் போடுற நீலத்தச் சுண்ணாம்புல கலப்பா. அந்த லயத்துலயே எங்க காம்பரா ஒண்ணுதான் இந்த நெறம்."

அவள் பிறந்த லயம் அது. எனக்குத் தெரியும், ஆனாலும் எனக்கு அது வெறும் செங்கல்.

"தரைய மாத்திக்குவோமாடி?" என்றாள். சிரிக்கவில்லை.

கடைசியில் அவளும் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். நான் துள்ளியிருக்க வேண்டும். ஆனால் அதன்பிறகு பொழுதுசாய்ந்தால் வெற்றிலையோடு வந்து அந்த நீலத்தின் பக்கத்தில் காலை நீட்டிக்கொள்வாள், தாய்வீட்டுக்கு வந்த மகள் மாதிரி. என் அடுப்படியில் நான் மருமகளாய் ஓரமாக நின்றேன்.

ஒருநாள் அவள் அங்கே உட்கார்ந்திருக்கையில், நான் போய் அவளுடைய கருங்கல் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். வழுவழுவென்று, குளிர்ந்து, வெடிப்பே இல்லாமல் இருந்தது. அதில் எனக்கு யாருமில்லை.

ஹல்துமுல்லையில் என் அம்மாவின் சுவர், என் தரைக்கு ஒரு துண்டும் தராமல், இன்னும் இடியாமல் நிற்கிறதே என்று எரிச்சலாக வந்தது.