நான் எழுதிய தேர்வு

புலம்பெயர்ந்து வந்து மல்வேர்னில் இருக்கிறோம். எட்டு வயது மகளை வீட்டிலேயே படிப்பிக்க, லத்தீன், புராதன வரலாறு, மனனம் எல்லாம் உள்ள செவ்வியல் பாடத்திட்டம் ஒன்றைத் தெரிவுசெய்தேன். எந்த நிலைப் புத்தகம் பொருந்தும் என்று அறிய இணையத்தில் ஒரு தேர்வு வைத்தார்கள். அவள் தடுமாறிய இடமெல்லாம் நானே விடை சொன்னேன். அக்காவின் பிள்ளைகள் ரியூசனில் ஒரு வகுப்பு மேலே படிப்பவர்கள். அவர்களைவிட என் மகள் குறைந்துவிடக் கூடாதே.

ஐந்தாம் நிலைப் புத்தகங்கள் வந்தன. இரண்டே வாரத்தில் அவற்றைக் கண்டாலே வயிற்றுவலி என்றாள். அதட்டினேன்.

“அந்த டெஸ்ட் நீங்கள்தானே அம்மா செய்தனீங்கள்? நீங்களே படியுங்கோ.”

மறுநாள் அதே தேர்வை அவளைத் தனியே எழுதவிட்டேன். இரண்டாம் நிலைதான் வந்தது. புத்தகங்களை மாற்றினேன்.

இப்போதெல்லாம் அவள் யோசிக்கத் தொடங்கினால் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். கொஞ்ச நேரத்தில் குரல் வரும்: “அம்மா, வாங்கோ, கண்டுபிடிச்சிட்டன்.”