பீமார் கூலியும் என் மூக்கும்

போன வாரம் என் இளைய மகன் ஆபீசுக்கு மூன்று நாள் மருத்துவ விடுப்பு போட்டான். உடம்புக்கு ஒன்றுமில்லை. சென்னையில் கிரிக்கெட் ஆட்டம், டி.வி.யில் காட்டுகிறார்கள். இந்த வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு டாக்டர் இருக்கிறார். அவர் இவன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் 'காய்ச்சல், ஓய்வு தேவை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சம்பளம் முழுசாக வரும். மருமகள் குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மகன் அதில் ஒன்றை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நைனா, இப்டி வெச்சுக்கினா நெசமாவே ஜொரம் வருமாமே?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து போய்க் கொல்லைக் குழாயைத் திறந்து கால் கழுவினேன். காலில் அழுக்கு ஒன்றும் இல்லை.

வெங்காயத்தைக் கக்கத்தில் வைத்தால் காய்ச்சல் வருமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் ஒருவன் வைத்திருக்கிறானா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு காலத்தில் என்னை விட்டால் ஆம்பூரில் ஆள் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

வெள்ளைக்காரன் காலம். எனக்கு இருபத்து மூன்று வயது. மெட்ரிகுலேஷன் இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டை விட்டு, சொந்த ஊரான கலவையில் அப்பாவின் வசவைத் தாங்க முடியாமல் ஆம்பூருக்கு ஓடி வந்தவன் நான். பாலாற்றங்கரையில் ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதுகிற ரைட்டர் வேலை கிடைத்தது. தோல் பதனிடும் இடத்தை அங்கே ஷாப் என்றுதான் சொல்வார்கள். முதல் வாரம் சோற்றில் கை வைத்தாலே குமட்டியது. "மூணு மாசத்துல மூக்கு செத்துப்பூடும் ரைட்டரே, அப்பால பிரியாணி துண்ணலாம்" என்று மேஸ்திரி தைரியம் சொன்னார். மற்றவர்களுக்கு மூக்கு செத்தது. எனக்கு என்னவோ அங்கேதான் மூக்குக்கு உயிர் வந்தது. பச்சைத்தோலின் நாற்றம், சுண்ணாம்புக் குழியின் காரம், ஆவாரம்பட்டை ஊறுகிற துவர்ப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லுவேன். படிப்பில் வராத கெட்டிக்காரத்தனம் மூக்கில் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எங்கள் முதலாளி நல்ல மனிதர். இதை நான் சொல்லியே ஆகவேண்டும். ஒரு தடவை விஷக்காய்ச்சலில் கிடந்து பிழைத்து எழுந்தவர், சீக்கில் விழுகிற தொழிலாளிக்கு வேலையும் போகாது, பாதிக் கூலியும் உண்டு என்று ஒரு ஏற்பாடு செய்தார். பக்கத்து ஷாப்புகளில் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். உருதுவில் பீமார் என்றால் சீக்கு. அதனால் அந்தப் பாதிக் கூலிக்குப் பீமார் கூலி என்று பெயர் வந்துவிட்டது. ஆனால் சீக்கு என்று ரைட்டர் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்ளாமல் ஒருவன் வீட்டில் படுத்தால் மூன்றாம் நாள் அவன் பெயரை அடித்துவிட்டு வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள்.

ஒத்துக்கொள்வதற்கு முதலாளி மெட்ராஸிலிருந்து ஒரு தர்மாமீட்டர் வாங்கி வந்து கொடுத்தார். காலையில் மணி அடித்ததும் கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டு உட்காருவேன். பினாயில் தண்ணீர்க் குவளையில் தர்மாமீட்டர் நிற்கும். சீக்காளி அதைத் தானே எடுத்துக் கக்கத்தில் வைத்து, நான் சொன்னதும் குவளையில் போட்டுவிட்டு நாலடி தள்ளி நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நான் தொடுவேன். தோல் சுமக்கிறவர்களை எங்கள் வீட்டில் யாரும் தொட்டதில்லை. அது தப்பு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகவும் நினைக்கவில்லை. நூற்றொன்றுக்கு மேல் இருந்தால் பீமார்.

இரண்டு மாதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் ஒருவன் குவளையில் போட்ட தர்மாமீட்டரிலிருந்து பினாயிலையும் மீறி ஒரு வாசனை. அவனை அருகே கூப்பிட்டுக் கையைத் தூக்கச் சொல்லி எட்டி முகர்ந்தேன். வெங்காயம். தொடுவதற்குத்தான் தீட்டு, முகர்வதற்கு இல்லை, பார்த்தீர்களா! முதலாளி என் தோளில் தட்டிக் கொடுத்தார். அதிலிருந்து ஒரு சட்டம்: வெங்காயம் மணந்தால் அந்த மாதம் முழுக்க அவனுக்குப் பீமார் கிடையாது, தர்மாமீட்டரும் கிடையாது. எனக்கு மூக்கு ரைட்டர் என்று பட்டப்பெயர் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்க எனக்குச் சுகமாக இருந்தது.

எல்லப்பன் பச்சைத்தோல் கட்டுகளை வண்டியிலிருந்து இறக்கி, தோளில் சுமந்து ஊறல் தொட்டிக்குக் கொண்டுபோகிறவன். நாற்பது வயதிருக்கும். பதினோரு வருஷமாக ஒருநாளும் சீக்கு என்று சொல்லாதவன் என்று மேஸ்திரி சொல்லுவார். அவன் ஒரு திங்கட்கிழமை பெஞ்சின் முன்னால் வந்து நின்றான். தர்மாமீட்டர் நூற்றுமூன்று காட்டியது. கையைத் தூக்கச் சொன்னேன். இடது கக்கத்தில் ஒரு பழந்துணிக் கட்டு, அதிலிருந்து வெங்காயம் தாராளமாக மணந்தது.

"இன்னாடா எல்லப்பா, நீயுமா?"

"கட்டிக்கு வெச்சது சாமி. வூட்ல வதக்கி, மஞ்சாத்தூள் போட்டுக் கட்னா. அவுத்துக் காட்டட்டுமா?"

"அவுக்காதே, நாறுது."

"ஒரு தபா பாரு சாமி. ஒடம்பு தீயா எரியுது."

"கட்டிக்கு வெச்சியா, கறிக்கு வெச்சியா?" என்றேன்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்து அவர்கள் கையைத் தூக்கும்போது என் மூக்கு இன்னும் கூர்மையாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். கட்டிக்கு வெங்காயம் வதக்கிக் கட்டுவது ஊர் உலகத்துக்கே தெரிந்த வைத்தியம். கலவையில் என் அம்மா எனக்கே கட்டியிருக்கிறாள். அது அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். வந்தது. ஆனால் நாலு பேர் சிரித்துவிட்ட பிறகு வாபஸ் வாங்க எனக்கு மனசில்லை. எல்லப்பன் வேலைக்குப் போனான்.

மறுநாள் மறுபடி வந்தான். மருந்தைப் பிரித்து எறிந்துவிட்டு, வாசனை போக அரப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்திருந்தான். நான் கேட்காமலே கையைத் தூக்கினான். கக்கத்தின் ஓரத்தில் நாலணா அகலத்துக்குக் கரிக்கட்டி போல ஒரு புண், அதைச் சுற்றி மார்பு வரைக்கும் வீக்கம்.

"வலிக்குதா?"

வலிக்கிறது என்று அவன் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல சாமி, வலியே இல்ல. அதான் பேஜாரா கீது" என்றான்.

"வலிக்காத கட்டிக்கு இன்னாடா பீமார்? போய் வேலையப் பாரு."

"அந்தக் குச்சியாச்சும் குடு சாமி, வெச்சுப் பாக்குறேன்."

நான் குவளையை எடுத்துப் பெஞ்சின் அந்தக் கோடியில் வைத்தேன். சட்டம் அப்படி. அந்தச் சட்டத்தை முதலாளிக்கு எழுதிக் கொடுத்ததே நான்தான்.

புதன்கிழமை மத்தியானம் தோல் கட்டோடு விழுந்தான். மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலையில் செத்துப்போனான். கூடப்போன மேஸ்திரி திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அது மாட்டுக்கு வருகிற அடைப்பான் நோயாம். நோயில் செத்த மாட்டின் தோலிலிருந்து ஒட்டுமாம். "அந்தக் கட்டி வலிக்காதாம் ரைட்டரே. அத வெச்சுத்தான் கண்டுபுடிப்பாங்களாம். மொத நாளே இட்டுனு வந்திருந்தா பாத்திருக்கலாம்னு டாக்டரு சொன்னாரு."

நாலு நாள் கழித்து அவன் மனைவி பச்சையம்மா பெஞ்சின் முன்னால் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை. அவனுடைய பாக்கிக் கூலியோடு, சீக்கோடு வேலை செய்த நாளுக்காவது பீமார் கூலியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். என் வாய் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது: "பீமாருக்கு ஆள் நேர்ல வரணும்."

அவள் அழவில்லை. "நான் கூப்டேன் சாமி, வரல. நீ கூப்ட்டுப் பாரு" என்றாள்.

அன்றைக்கு வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். எத்தனையோ பேரிடம் எத்தனையோ கொடுமையாகப் பேசியிருக்கிறேன். இந்த ஒன்றை நினைத்தால்தான் என் நாக்கின் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

எனக்கு என்ன தண்டனை என்று கேட்பீர்கள். முதலாளி ரொம்ப வருத்தப்பட்டார். "இந்த வம்பே வேணாம்" என்று பீமார் கூலியை அடியோடு நிறுத்திவிட்டார். தர்மாமீட்டர் வேலை போனதால் என்னை உள்ளே, மின்விசிறி இருக்கிற அறையில் உட்காரவைத்தார். அந்த ஐப்பசியில் எனக்கு மலேரியா வந்தது. பதினெட்டு நாள் படுத்தேன். முழுச் சம்பளமும் ஒரு பன்ரொட்டிப் பொட்டலமும் வீடு தேடி வந்தன. என் கக்கத்தை யாரும் முகரவில்லை.

அந்த ஷாப் இப்போது இல்லை. பெஞ்சு இல்லை, வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள். முதலாளியும் மேஸ்திரியும் போய்ச் சேர்ந்தாயிற்று. பச்சையம்மா எங்கே போனாள் என்று நான் விசாரிக்கவே இல்லை. மேஸ்திரியைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். மூக்கு ரைட்டர் என்று என்னைக் கூப்பிட ஆம்பூரில் ஒருவர்கூட மிச்சமில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி.

அந்த இடத்தில் இப்போது ஒரு கல்யாண மண்டபம். போன தையில் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தி நடந்த இடம், இன்னும் மிச்சமிருக்கிற பழைய கேட்டையும் ஷாப் கிணற்றையும் வைத்துப் பார்த்தால், கிட்டத்தட்ட அந்தப் பெஞ்சு கிடந்த இடம்தான். பிரியாணி போட்டார்கள். கூடவே தயிரில் வெங்காயம் நறுக்கிப் போட்ட பச்சடி. உட்கார்ந்த உடனே எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. எல்லப்பன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றதுகூட. பரிமாறுகிறவர், "பெரியவரே, இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமா?" என்றார்.

வைக்கச் சொன்னேன்.