மிலாறும் மிளகும்

நாட்டுக்குள் என்னென்ன பொருள் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, கடைசியில் புகையாகிறதா குப்பையாகிறதா என்று எடை போட்டுப் பார்க்கும் ஆய்வு அது. அலுவலகம் பதுளையில். தோட்டங்களுக்குப் போய்ப் படிவம் நிரப்பும் வேலை எனக்குக் கிடைத்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள் என்பதால்தான் என்னை எடுத்தார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஒன்றையும் விடாமல் எழுதுவேன் என்று நேர்முகத்தில் வாய் கிழியப் பேசியிருந்தேன்.

கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டம். தேயிலைச் செடிகளைக் கட்டையாக வெட்டிவிடும் கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. வெட்டி விழும் கிளைகளுக்கு எங்கள் பக்கம் மிலாறு என்று பெயர். லயத்து அடுப்பெல்லாம் அதில்தான் எரியும். வேலை முடிந்து ஒரு அக்கா தலையில் கட்டோடு வந்தார். வாங்கித் தராசில் மாட்டினேன். இருபத்திரண்டு கிலோ.

"என்னாத்துக்கு மிஸ் இத நிறுக்குறீங்க?"

"நாட்டுல எவ்வளவு வெறகு எரியுதுன்னு கணக்கெடுக்குறோம்க்கா."

அவர் முகம் மாறிவிட்டது. "எழுதிறாதீங்க மிஸ். பக்கத்து டிவிசன்ல மிலாற தூக்க விடுறதில்ல. எல்லாம் பேக்டரி அடுப்புக்குன்னுட்டாங்க. இங்க இன்னும் யாரும் கேக்கல. நீங்க எழுதி அது தொரை கண்ணுல பட்டுச்சுன்னா, நாங்க எத வச்சு ஆக்குறது?"

யாருக்கும் காட்டமாட்டோம் என்றேன். அறிக்கையில் தோட்டத்தின் பெயர் வரும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் எழுதினேன். பதினொரு வீட்டில் நிறுத்து, பதினொரு வீட்டுக்கும், உள்ளூர்ப் பொருட்கள் என்ற பட்டியலில், மிலாறு என்றே எழுதினேன். பேசிய பேச்சு அப்படி.

எங்கள் அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். ஒற்றுப்பிழையைக்கூட விடமாட்டார். ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். படிவம் முழுக்கச் சிவப்புப் பேனாவால் மிலாறை மிளகாக்கி வைத்திருந்தார்.

"பிள்ளை, உமக்கு மிளகு எண்டு எழுத வராதோ? அதுவும் ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு இருபத்திரண்டு கிலோவோ? மிளகு ரசத்திலையோ குளிக்கினம்?"

சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. இத்தனை வருடம் பதுளையில் இருந்தும் அந்த ஒரு சொல் இவர் காதில் விழவில்லையே! ஒரே வரியில் விளக்கியிருக்கலாம். விளக்கத்தான் வாயைத் திறந்தேன். அந்த அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது.

"தப்புதாங்க சேர், அடிச்சிருங்க," என்றேன்.

பதினொரு வரியையும் அடித்தார். காலியாகக் கிடந்த விறகு என்ற இடத்தில் வெறும் கோடு போட்டார். "இனியாவது கவனமா எழுதும்," என்று சொல்லி அனுப்பினார். மேசைக்குத் திரும்பும்போது எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

அடுத்த மாதம் சரிபார்க்க அதே லயத்துக்குப் போனேன். அந்த அக்கா வாசலிலேயே மறித்தார்.

"எழுதுனீங்களா மிஸ்?"

"இல்லக்கா."

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். மிலாறை ஒடித்து அடுப்பில் செருகி எனக்குத் தேத்தண்ணி வைத்தார். நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை. புகை கண்ணைக் கரித்தது. நாட்டின் கணக்கில் அந்த அடுப்பு எரியவே இல்லை. தேத்தண்ணியைச் சூடாகவே குடித்தேன்.