உளிக்கு இடம் விட்ட எழுத்து

நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பா கல்லில் எழுத்து வெட்டுகிறார். ஆனால் சமீப காலம் வரை அவருக்குப் படிக்கத் தெரியாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் இருக்கும் கல் கடையில் அவருக்கு வேலை. எழுத்துக்காரர் ஒருவர் கருப்பு கிரானைட்டின் மேல் வெள்ளைப் பென்சிலால் பெயரை இரட்டைக் கோடாக வரைந்து கொடுப்பார். அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் அப்பா உளியை ஓட்டுவார். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் எதுவானாலும் அவருக்கு அது வளைவும் நேர்கோடும்தான்.

அம்மா இறந்த பிறகு இரண்டாவது கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் தலைமாட்டில் சிமென்ட் சிலுவை மட்டும்தான் நின்றது. பெயர் இல்லை. மர்பி டவுனில் எங்கள் சந்து முழுக்க அதே பேச்சு. ஒருநாள் அத்தை நேராகவே வந்து கேட்டாள்.

“ஊர்ல செத்தவங்களுக்கெல்லாம் பேரு வெட்டுற. கட்டினவளுக்கு ஒரு கல்லு வைக்க மட்டும் கையி வரலியா உனக்கு?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடித்து முடித்தார். அத்தை போனதும் என்னிடம் சொன்னார்.

“அவ பேரை வேற யாரோ எழுதி நான் வெட்டக் கூடாது பாப்பா. நானே எழுதணும். திருநாளுக்குள்ள கத்துக் குடு.”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எம்.காம். முடித்து, அலுவலகத்துக்கு மெட்ரோவில் போய்வருகிறவள். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். அந்தப் பெருமையோடுதான் அகரத்தில் தொடங்கினேன். அப்பாவுக்கு ஒன்றும் ஏறவில்லை. சிலேட்டில் ‘ப’ எழுதச் சொன்னால் பெட்டி மாதிரி ஒன்றை வரைந்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் இன்னொரு கோடு, நடுவில் வெற்றிடம். ஒரே கோடாகப் போடுங்கள் என்றேன்.

“அப்புறம் உளி எங்க போகும்?” என்றார்.

அன்று அகரத்தை விட்டுவிட்டேன். அவர் அதிகம் வெட்டிய சொற்கள் எவை என்று யோசித்தேன். எல்லாத் தமிழ்க் கல்லறைகளிலும் வருகிற தோற்றம், மறைவு. இரண்டையும் எழுதிக் காட்டியதும் அவர் முகம் தெளிந்தது. இடது பக்கம் வருவது எது, வலது பக்கம் வருவது எது என்று உடனே சொன்னார். ‘ற’வின் வாலில் கல் சில்லாகப் பெயர்ந்துவிடும் என்றார். அம்மாவின் பெயர் ‘ம’வில் தொடங்கும். அது மறைவின் முதலிலேயே இருந்தது. அதைக் காட்டியபோது விரலால் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வெட்டச் சுலபமானவை முதலில், தொல்லை பிடித்தவை கடைசியில். ‘இ’யைத் திட்டிக்கொண்டேதான் கற்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அம்மாவின் கல்லறையைச் சுத்தம் செய்யப் போனோம். வழியில் ஒரு கல்லின் முன்னால் அப்பா நின்றார். உதடு அசைந்தது. “ஆ... சி... ரி... யர்.” என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“வாத்தியாரா இவரு? தார்ப்பாய் கட்டிக்கிட்டு மழையில வெட்டினேன் இதை. வாத்தியாருன்னு எனக்குத் தெரியாதே.”

அடுத்த கல்லுக்குப் போனார். அதற்கடுத்ததற்கும். எல்லாம் அவர் கை வெட்டியவை. இத்தனை வருடம் முகம் தெரியாமல் பழகியவர்களை ஒவ்வொருவராக விசாரிப்பதுபோல இருந்தது. ஒரு சின்னக் கல்லில் ‘மகள்’ என்று படித்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். நான் சிறுவயதிலிருந்தே கடை போர்டைப் படிப்பதுபோல இவற்றைப் படித்துக் கடந்து போனவள். படிப்பு என்பது ஒரு மனிதரை இப்படி நிற்க வைக்கும் என்று எனக்கு எந்த வகுப்பிலும் தெரியவரவில்லை.

திருநாளுக்கு முந்தின வாரம், கல்லறைகளுக்கு வெள்ளையடித்ததில் தோட்டம் முழுக்கச் சுண்ணாம்பு வாசனை. கடையில் அம்மாவுக்கான கல்லைப் படுக்க வைத்திருந்தார்கள். அப்பா வெள்ளைப் பென்சிலை எடுத்தார். இரட்டைக் கோடு, நடுவில் உளிக்கு இடம். சிலேட்டில் தப்பாக இருந்தது இங்கே சரியாக இருந்தது. எழுத்துக்காரர் டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“கொஞ்சம் சாஞ்சிருக்கு மேஸ்திரி. நிமித்திக் குடுக்கட்டா?”

“இருக்கட்டும்.”

நான் வாயைத் திறக்கக் கூடாது என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். எழுத்தின் கீழே விரலை வைத்து அவரே கூட்டிக் கூட்டிப் படித்தார்.

எங்கள் வீட்டில் அப்பா அம்மாவை ‘இந்தா’ என்றுதான் கூப்பிடுவார். அக்கம்பக்கத்தில் பேசும்போது ‘பாப்பா அம்மா’. அவள் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

பிறகு இன்னொரு தடவை சொன்னார், இம்முறை கூட்டாமல், முழுதாக. சொல்லிவிட்டு உளியை எடுத்து ‘ம’வின் நடுவில் வைத்தார்.