மதினிக்கு ஓர் அறை

குற்றாலத்துக்குப் பக்கத்தில், மேலகரத்தில் நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டின் நடு அறைக்குள் யாரும் கால் வைக்க முடியாது. என் மாமனார் கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விட்டவர். அவர் காலமான பிறகும் ஓட்டை அண்டா, காதறுந்த உருளி, கால் போன பெஞ்சு, பூச்சி அரித்த ஜமுக்காளம் எல்லாம் அங்கேயே கிடந்தன. தாலுகா ஆபீசில் வேலை பார்த்த என் கணவர் ஒரு கரண்டியைக்கூட வெளியே போட விடமாட்டார். "அப்பா வாங்கினது" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

எங்களோடு அவருடைய அக்காவும் இருந்தார். எனக்கு மதினி. கல்யாணமான வருஷமே கணவனை இழந்து திரும்பி வந்தவர். நான் அந்த வீட்டுக்கு வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அடுப்படி மூலையில் பாய் விரித்துப் படுப்பார். எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷமோ ஐம்பத்தொன்பதோ, சாரல் பலமாக அடித்து நடு அறை ஒழுகியது. ஓடு மாற்றுவதற்காகச் சாமான்களை முற்றத்தில் இறக்கினோம். காலியான அறையில் மேற்குப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. மதினி தாழ்ப்பாளைத் தட்டித் தட்டித் திறந்தார். ஈரக்காற்று முகத்தில் அடித்தது. அவர் அங்கேயே வெகுநேரம் நின்றார்.

வேலை முடிந்ததும் என் கணவர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். மதினி நிலையை மறித்து நின்றார்.

"ஏலே, அதத் திரும்பவும் உள்ள கொண்டு போறியா?"

"பின்ன எங்கன வைக்க?"

"இத்தன வருசமா நான் அடுப்படியில படுக்கேன். ஓட்ட அண்டாவுக்கு ஒரு ரூம் இருக்கு. எனக்கு இல்ல."

குரல் உயரவில்லை. என் கணவர் அண்டாவை இறக்கி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். மறுநாள் தென்காசியிலிருந்து பாத்திரக்காரரை அவரே கூட்டி வந்தார். சாமான்களை ஏற்றிய வண்டி தெருவைத் தாண்டும்வரை புறவாசலில் முகம் கழுவிக்கொண்டே இருந்தார்.

மதினி தன் கையாலேயே அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்.

அடுத்த சீசனில் குற்றாலத்தில் இடம் கிடைக்காமல் விருதுநகர் அம்மாள் ஒருவர் மகனோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அவருக்கு முழங்கால் வாதம். மகன் ரயில்வேயில் கார்டு, மனைவியை இழந்தவர். நான் யோசிப்பதற்குள் மதினி, "அம்மா என் ரூம்ல எங்கூடப் படுத்துக்கிடட்டும். அவுக கூடத்துல படுக்கட்டும்" என்றார்.

தினமும் அந்த அம்மாளைச் சிற்றருவிக்குக் கைப்பிடித்து அழைத்துப் போனார். கோவிலுக்குக்கூடத் தயங்கித் தயங்கிப் போகிறவர், ஈரத்தலையோடு சிரித்துப் பேசிக்கொண்டு தெருவில் வந்தார்.

அதற்கடுத்த வருஷமும் அவர்கள் வந்தார்கள். கிளம்பும் நாளில் அந்த அம்மாள் என் கணவரிடம் நேராகவே பேசினார்.

"உங்க அக்காவ என் மகனுக்குக் கேக்கேன் தம்பி. தப்பா நெனச்சுக்கிடாதீய. போன வருசமே கேக்க நெனச்சேன், தைரியம் வரல."

எங்கள் ஆட்கள்தான் என்றாலும், அந்தக் காலத்தில் எங்கள் உறவில் யாரும் செய்யாத காரியம். என் கணவர் நேரே அடுப்படிக்கு வந்தார். மதினி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சா? நீ என்ன சொல்லுத?"

மதினி அரிவாள்மனையை மடக்கி வைத்தார். "போறேன்லே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சீசனுக்கு இங்கனதான் வருவேன். அந்த ரூம யாருக்கும் குடுத்துராத" என்றார்.

என் கணவரின் பெரியப்பா வீட்டார் கல்யாணத்துக்கு வரவில்லை. குற்றாலநாதர் கோவிலில் நாங்கள் ஏழெட்டுப் பேர்தான். தாலி கட்டும்போது என் கணவர் தூண் ஓரமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

தீபாவளிக்குச் சீர் கொண்டு அவர் மட்டும் விருதுநகர் போய் வந்தார். எப்படி இருக்கிறார் என்று நான் துருவித் துருவிக் கேட்டேன்.

"கொஞ்சம் சத போட்டிருக்கா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.